எட்டு மில்லிமீட்டர் அதிகம்

நான் சொல்லப்போவதில் துளிகூட மிகை கிடையாது. மிகையெல்லாம் அந்த இரும்பு உத்திரத்தில்தான் இருந்தது, அதுவும் எட்டே எட்டு மில்லிமீட்டர்.

என் பெயர் நெமோத்தோ. நீளமான பாரம் ஏற்றிவரும் டிரெய்லர்களுக்கு முன்னால் மஞ்சள் விளக்கைச் சுழலவிட்டுக்கொண்டு ஒரு சின்ன வண்டி போகுமே, அதை ஓட்டுகிறவன். "பின்னால் பெரியவர் வருகிறார், ஒதுங்குங்கள்" என்று ஊருக்கெல்லாம் சொல்வது என் பிழைப்பு. இருபத்திரண்டு வருடமாக எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தவர் இசொகாய். டிரெய்லர் ஓட்டுவதில் கெட்டிக்காரர். பேசுவதில் பரம ஏழை. எதைச் சொன்னாலும் "அப்படிங்களா" என்பார். போனஸ் கிடையாது என்று முதலாளி சொன்னபோதும் அதே "அப்படிங்களா"தான். கம்பெனி சுற்றுலாவில் குலுக்கலில் முதல் பரிசாகக் குளிர்சாதனப் பெட்டி விழுந்தபோதும் அதேதான். எருமை மேல் மழை பெய்த கதை என்று நான் கேலி செய்வேன். அதற்கும் "அப்படிங்களா"தான் பதில்.

அவர் வீடு கமிசாவா கிராமத்தில், ஆற்றுக்கு அந்தப் பக்கம். இது நடந்ததற்கு முந்தின வருடம் செப்டம்பர் வெள்ளத்தில் பாலம் போய்விட்டது. பாலம் இருந்தவரை தகசே டவுனுக்கு இருபது நிமிடம். போன பிறகு மலையைச் சுற்றி இரண்டு மணி இருபது நிமிடம். மற்றவர்களுக்கு அது சலிப்பு, அவ்வளவுதான். அவர் மனைவி சச்சியேவுக்கோ சிறுநீரகம் இரண்டும் வேலைநிறுத்தம் செய்து ஆறு வருடமாகிறது. செவ்வாய், வியாழன், சனி டவுன் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரித்தாக வேண்டும். நவம்பர் நடுவில் மலைப்பாதையில் பனி விழுந்து மூடினால் ஏப்ரல் கடைசியில்தான் திறக்கும். அதனால் அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தனியாகக் கிடந்தாள். ஜன்னலைத் திறந்தால் எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். "இன்னொரு குளிர்காலம் அந்தச் சுவரப் பாக்கச் சொன்னீங்கன்னா நான் சுத்திகரிப்பே வேணாம்னு வீட்டுலயே படுத்துருவேன்" என்று சொல்லிவிட்டாள். வாயாடிதான், விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்தோம். இசொகாய் மட்டும் சிரிக்கவில்லை.

புதுப் பாலத்துக்கு இரண்டு உத்திரம் வேண்டும். முதலாவது ஏப்ரலிலேயே போய் ஆற்றங்கரையில் படுத்துவிட்டது. இரண்டாவதைத்தான் ஆகஸ்ட் கடைசியில் நாங்கள் கொண்டுபோனோம். அந்தப் பாரத்தை இசொகாய் தானாகக் கேட்டு வாங்கினார். முதலாளியிடம் அவர் வாய் திறந்து எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. தூக்கி வைக்கிற ராட்சச கிரேன் ஆகஸ்ட் இருபத்தெட்டு, இருபத்தொன்பது, இரண்டே நாள்தான் எங்களுக்கு. அதற்குப் பிறகு அது அணைக்கட்டு வேலைக்குப் போனால் அடுத்த மே மாதம்தான் திரும்பும்.

வண்டிக்கு வாங்கிய அனுமதிப் பத்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினொரு சாலை அலுவலகங்கள், நாலு மாதம், நூற்று எண்பது பக்கம். இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரைதான் ஓட வேண்டும். வழியில் கொயவதா அளவீட்டு நிலையத்தில் நிறுத்தி அளந்து முத்திரை வாங்க வேண்டும். நிலையம் காலை பத்திலிருந்து மாலை நாலு வரை. இருபத்தொன்பதாம் தேதி கிரேன் முன்னால் உத்திரம் நிற்க வேண்டுமென்றால் இருபத்தெட்டாம் தேதி நாலு மணிக்குள் முத்திரை விழுந்தாக வேண்டும். நாங்கள் இருபத்தாறாம் தேதி காலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டோம். மூன்று நாள் கையில் இருக்கிறதே என்று நான் செருப்பைக் கழற்றிவிட்டு வண்டியில் காலை நீட்டிப் படுத்தேன்.

நிலையத் தலைவர் உஜியே நல்ல மனிதர். அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். முதலில் உத்திரத்தின் வாலில் கட்டியிருந்த சிவப்புத் துணியை அளந்தார். முப்பது சென்டிமீட்டர் சதுரம் என்பது விதி. சச்சியே தன் கையால் ஓரம் மடித்துத் தைத்தது அது.

"ஆஹா!" என்றார் உஜியே. எங்கள் ஊர் மரியாதைப்படி பெயரோடு 'சான்' சேர்த்துத்தான் பேசுவார். "நாலு பக்கமும் முப்பது, மயிரிழை பிசகல. இந்த வேலையில இத்தனை வருஷத்துல இப்படி ஒரு துணிய நான் பாத்ததில்ல இசொகாய்சான். வீட்டம்மாவுக்கு என் வணக்கத்தச் சொல்லுங்க."

பிறகு உள்ளே போய் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்தார். அதற்குள் முப்பது மீட்டர் எஃகு நாடா. அந்த நாடா இருபது டிகிரிக் குளிர் அறையில் வாசம் செய்வது. வெயிலில் இரண்டு நிமிடத்துக்கு மேல் அதை வெளியே வைக்கக் கூடாது. ஒரு ஊழியர் குடை பிடிக்க, இன்னொருவர் கடிகாரம் பார்க்க, உஜியே ஓட்டமும் நடையுமாக அளந்து முடித்துப் பெட்டியில் போட்டார். பச்சைக் குழந்தையைக்கூட அவ்வளவு பத்திரமாகத் தூக்கிப் போகமாட்டார்கள். திரும்பி வந்து மன்னிப்புக் கேட்கிற பாவனையில் இடுப்பை மடித்துக் குனிந்தார்.

"மன்னிக்கணும். இருபத்து நாலு மீட்டர், எட்டு மில்லிமீட்டர்."

"அப்படிங்களா" என்றார் இசொகாய்.

நான் எழுந்தேன். "ஐயா, இது இரும்பு. வெயில்ல கிடக்குது. தொட்டுப் பாருங்க, முட்டை பொரிக்கலாம். சூட்டுக்கு இரும்பு நீளும்னு ஸ்கூல் பையனுக்குக்கூடத் தெரியுமே!"

"எங்களுக்கும் தெரியும் நெமோத்தோசான்" என்றார் உஜியே வருத்தமாக. "உங்க பத்திரத்துல '24' னு மட்டும் எழுதியிருந்தா நாங்களும் சும்மா மீட்டர்லதான் அளப்போம். உங்க தொழிற்சாலைக்காரர் '24.000' னு எழுதியிருக்காரு. மூணு பூஜ்யம். அந்த அளவுக்கு ஒருத்தர் கருத்தா எழுதினதுக்கு நாங்க மரியாதை கொடுக்க வேணாமா?"

தொழிற்சாலைக் குமாஸ்தாவை எனக்குத் தெரியும். எழுத்து முத்து முத்தாக இருக்கும். படிவத்தில் கட்டம் காலியாக இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. மூன்று கட்டம் காலியாக இருந்திருக்கிறது, பூஜ்யத்தைப் போட்டு நிரப்பிவிட்டார். இந்த நாட்டில் சோம்பேறியால் யாருக்கும் கெடுதல் வந்து நான் பார்த்ததில்லை.

"ஏப்ரல்ல இதோட ஜோடி இதே பத்திரத்துல போச்சே?"

"அன்னிக்கு நல்ல குளிரு" என்றார் உஜியே. வாற்கோதுமைத் தேநீர் கொடுத்தார். ஐஸ் போட்டிருந்தது.

இராத்திரி குளிர்ந்தால் சுருங்கிவிடுமே, விடியற்காலையில் அளக்கலாமே என்றேன். நிலையம் பத்து மணிக்குத்தான் திறக்கும் என்றார். அதற்கும் ஒரு முறை குனிந்தார்.

இசொகாய் வீட்டுக்குப் போன் செய்தார். அவருக்குப் பேசப் பிடிக்காது என்பதால் ஒலிபெருக்கியில் போட்டு என்னிடம் கொடுத்துவிடுவார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"எட்டு மில்லியா?" என்றாள் சச்சியே. "ஒன்றரை அரிசி நீளத்துக்கா என் புருஷனப் பிடிச்சு வெச்சிருக்கீங்க? ஏன் நெமோத்தோசான், நானுந்தான் வாரத்துக்கு மூணு தடவை எடைமேடையில ஏறுறேன். நாப்பத்தேழு கிலோதான் எனக்குக் கணக்கு. அதிகமா இருந்தா அதிகத்த உறிஞ்சி எடுத்துட்டு, 'சரியா இருக்கு, வீட்டுக்குப் போலாம்'னு அனுப்பிடுறாங்க. அந்த நர்ஸம்மாவ வேணா அங்க அனுப்பி வைக்கட்டா?"

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த உஜியே போனைப் பார்த்தும் ஒரு முறை குனிந்தார்.

மறுநாள் அவரே ஒரு யோசனையோடு வந்தார். வெயில் காலத்தில் சாயங்காலம் வாசலுக்கும் தெருவுக்கும் தண்ணீர் தெளித்துச் சூட்டைத் தணிப்பது எங்கள் ஊர் வழக்கம்தானே. அதையே உத்திரத்துக்கும் செய்யலாம் என்றார். நிலையத்துக்குப் பின்னால் கிணறு இருந்தது, தண்ணீர் பல்லைக் கூச வைக்கும். வாளியும் மர அகப்பையுமாக ஏழு பேர் இரண்டு பக்கமும் நின்று தெளித்தோம். நிலைய ஊழியர்கள் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டார்கள். திருவிழாவில் சாமி பல்லக்குக்குத் தெளிக்கிறார்களே, அந்த உற்சாகம். நல்லவேளையாக மேகமும் போட்டது. பத்து ஐம்பதுக்கு மரப்பெட்டி வந்தது, குடை வந்தது, கடிகாரம் வந்தது.

"இருபத்து நாலு! பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம்!" என்று உஜியே கத்தினார். எல்லோரும் கை தட்டினோம். நான் இசொகாயின் முதுகில் ஓங்கி ஒன்று போட்டேன்.

"இனி எடை மட்டும்தான்" என்றார் உஜியே.

எடைமேடையில் ஏற்றினோம். அனுமதி 38,640 கிலோ. முள் 38,680-இல் நின்றது. உத்திரத்துக்கு அடியில் வைத்த மரக்கட்டைகளும் கட்டிய கயிறுகளும் கிணற்றில் பாதியைக் குடித்திருந்தன.

துண்டுகள் வந்தன. துடைத்தோம். கயிற்றைப் பிழிந்தோம். துடைக்கத் துடைக்க எடை குறைந்தது. இருபது கிலோ இறங்கியதும் நின்றுவிட்டது. அதற்கு மேல் பிழிய எதுவும் மிச்சமில்லை.

உஜியே பத்திரத்தைப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம் சுருங்கிப்போனது.

"இசொகாய்சான்... கேக்கவே கூச்சமா இருக்கு. நீங்க எத்தனை கிலோ?"

"எழுபத்து நாலு."

"சட்டத்துல ஓட்டுநர் ஐம்பத்தஞ்சு கிலோ."

"அப்படிங்களா." இசொகாய் தன் வயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "எப்பக்குள்ள குறைக்கணும்?"

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. நான் ஐம்பத்து நாலு கிலோ. காற்றடித்தால் பறந்துவிடுவான் என்று என் பெண்டாட்டி திட்டுகிற உடம்பு அன்றைக்கு உதவியது. டிரெய்லர் ஓட்ட எனக்கு லைசென்ஸ் இல்லை. ஆனால் நின்றுகொண்டிருக்கும் டிரெய்லரில் உட்கார லைசென்ஸ் வேண்டும் என்று நூற்று எண்பது பக்கத்தில் எங்கேயும் இல்லை. ஏறி உட்கார்ந்தேன். 38,640. மறுபடி கைதட்டல்.

அதற்குள் மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. நீளத்தையும் எடையையும் ஒரே சமயத்தில் பதிவு செய்வதுதான் முறை என்பதால் மறுபடி அளந்தார்கள். ஆறு மில்லிமீட்டர் அதிகம். நனைத்தால் எடை, துடைத்தால் நீளம். அன்று சாயங்காலம் நாலு மணிக்குள் மூன்று முறை நனைத்து மூன்று முறை துடைத்தோம். கடைசித் தடவை துடைக்கும்போது மற்றவர்கள் துண்டைச் சும்மா மேலாக ஓட்டினார்கள். இசொகாய் மட்டும் துண்டை மடித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, ஒழுங்காகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இருபத்தெட்டாம் தேதி. காலையிலேயே சச்சியே போன் செய்தாள். "கிரேன் வந்துருச்சுங்க! நம்ம மாடியிலேர்ந்து அதோட கழுத்து தெரியுது. நான் கை காட்டினேன், மேலேர்ந்து ஒருத்தர் தொப்பியக் கழட்டி ஆட்டுனாரு. நாளைக்கு உங்க உத்திரத்தத் தூக்குறப்ப நான் என்ன உடுத்துறதுன்னே தெரியல!"

ஒரு மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து பிரிவுத் தலைவர் தொகாஷி கறுப்புக் காரில் வந்தார். எங்கள் சிரமத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு பெட்டி இனிப்புக் கொழுக்கட்டை கொண்டுவந்திருந்தார். எல்லோரையும் உத்திரத்தின் நிழலில் நிற்க வைத்துப் பேசினார்.

"சில பேர் நினைக்கிறாங்க, நாங்க சாலையப் பாதுகாக்கத்தான் இருக்கோம்னு. அது தப்பு. சாலை தேயும், குழி விழும். அதப் போடறதுக்கு வேற துறை இருக்கு. நாங்க பாதுகாக்கிறது அளவை. அளவு தேயாது. கமிசாவாப் பாலத்தையே எடுத்துக்குங்க. நாப்பத்தோரு வருஷம் நின்னுது. அந்த நாப்பத்தோரு வருஷத்துல எடை மீறின ஒரு வண்டிகூட அதுமேல ஏறினதில்ல. வெள்ளத்துல அடிச்சுட்டுப் போனப்பகூட அது முழுக்க முழுக்க விதிப்படிதான் இருந்துச்சு. அதுல எங்களுக்குப் பெருமை."

நிலைய ஊழியர்கள் தலையாட்டினார்கள். நான் கடித்த கொழுக்கட்டையைப் பெட்டியிலேயே திரும்ப வைத்தேன்.

"எட்டு மில்லிய அறுத்துப் போட்டுரட்டுங்களா?" என்று கேட்டேன். "வண்டியிலயே ரம்பம் இருக்கு."

தொகாஷி திடுக்கிட்டு ஒரு அடி பின்னால் போனார். "இந்த அனுமதியே, 'பிரிக்க முடியாத பாரம்'ங்கிற சான்றிதழ் மேல கொடுத்தது. நீங்க எட்டு மில்லி அறுக்க முடியும்னா அது பிரிக்க முடிஞ்ச பாரம். பிரிக்க முடிஞ்ச பாரத்துக்கு இந்த அனுமதியே கிடையாது. அப்ப தொழிற்சாலைலேர்ந்து இதுவரைக்கும் நீங்க ஓட்டிட்டு வந்தது அத்தனையும் குற்றம். நான் நீங்க கேட்டதக் கேக்கலன்னு வெச்சுக்கறேன். உங்க நல்லதுக்குத்தான்."

அப்போதுதான் இசொகாய் தன் வண்டிக்குள் போனார். கண்ணாடிக்கு அடியில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த தன் சொந்த எஃகு நாடாவை எடுத்து வந்தார். தொட்டால் கை பொசுங்கும். உத்திரத்தின் ஒரு முனையை என்னிடம் காட்டினார். நான் பிடித்தேன். அவர் இழுத்துக்கொண்டு மறுமுனைக்கு நடந்தார். உஜியே ஓடிப்போய்க் குனிந்து பார்த்தார்.

"இருபத்து நாலு" என்றார் மெதுவாக. "சரியா இருபத்து நாலு. பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம்."

"ரெண்டும் இரும்பு" என்றார் இசொகாய். "ரெண்டும் வெயில்ல இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணா நீளும்." ஒரே மூச்சில் அவர் அத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. இன்னும் இருந்தது. "உங்க நாடாவ ஒரு அஞ்சு நிமிஷம் இதுமேல வெச்சுட்டு அளந்து பாருங்க. தயவுசெஞ்சு. எம் பொண்டாட்டிக்கு ஆஸ்பத்திரி அந்தப் பக்கம் இருக்கு."

உஜியே தொகாஷியின் முகத்தைப் பார்த்தார். மணி மூன்று பத்து. அவர் கை மரப்பெட்டியின் மூடிமேல் இருந்தது.

தொகாஷி நிதானமாகச் சிரித்தார். "இசொகாய்சான், உங்க நாடா உங்க உத்திரத்தோட சேர்ந்து வெயில்ல கிடந்திருக்கு. கூடவே திரிஞ்சவன் சாட்சி சொன்னா எந்தக் கோர்ட்டு ஏத்துக்கும்? எங்க நாடா யாரோடவும் சேராது. அதனாலதான் அத அறைக்குள்ள பூட்டி வெச்சிருக்கோம். வெளியில நடக்கிறது எதுவும் அதத் தொடக் கூடாது."

உஜியே மூடியிலிருந்து கையை எடுத்தார்.

"அப்படிங்களா" என்றார் இசொகாய். நாடாவைச் சுருட்டினார்.

நாலு மணிக்கு, நிலையம் மூடும் நேரத்தைச் சொல்லும் மெட்டு ஒலித்தது. குழந்தைகளைத் தூங்க வைக்கிற மாதிரி இனிமையான மெட்டு. தொகாஷியும் உஜியேவும் ஐந்து ஊழியர்களும் வரிசையாக நின்று எங்களைப் பார்த்துக் குனிந்தார்கள். மெட்டு முடிகிறவரை நிமிரவில்லை. பிறகு வாசலின் இரும்புத் திரை இறங்கியது. நான் கெட்ட வார்த்தை ஒன்றைச் சத்தமாகவே சொன்னேன். திரைக்குக் காது கேட்கவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி சாயங்காலம் சச்சியே போன் செய்தாள். "கழுத்த மடிச்சுட்டுப் போயிருச்சு" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் கேட்டதும் அதுதான் முதல் தடவை.

அளவுக்கு மீறிய வண்டி நிலையத்தை விட்டு முன்னாலும் போகக் கூடாது, பின்னாலும் போகக் கூடாது. டிரெய்லரோடு உத்திரம் அங்கேயே நின்றது. நாங்கள் பஸ் பிடித்து ஊருக்குப் போனோம். செப்டம்பர் முப்பதாம் தேதி காலையில் உஜியே கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். பத்து மணிக்கு இருபது டிகிரி, உத்திரம் இருபத்து நாலு மீட்டர், மூன்று பூஜ்யமும் உட்கார்ந்துவிட்டது. கட்டையும் கயிறும் காய்ந்து எடையும் அடங்கிவிட்டது. நாங்கள் போனபோது மேசைமேல் பூ வைத்திருந்தார்கள். உஜியே முத்திரையைக் குத்தி, மை காயும் வரை ஊதி, இரண்டு கையாலும் நீட்டினார். "இந்த நிலையத்துலயே இவ்வளவு துல்லியமான பாரம் போனதில்லை" என்று சொல்லி ஒரு பாராட்டுச் சான்றிதழும் கொடுத்தார். இசொகாய் அதை வாங்கி வண்டியில் வைத்தார். அவர் பத்தொன்பது கிலோவைக் குறைத்திருந்தார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பாதிதான் குறைந்திருந்தது. அதையும் அவர் முயற்சி செய்து குறைக்கவில்லை.

உத்திரத்தைக் கொண்டுபோய் ஆற்றங்கரையில் அதன் ஜோடிக்குப் பக்கத்தில் இறக்கினோம். எதிர்க்கரையில் அவர் வீட்டு மாடி தெரிந்தது. சச்சியே நின்றிருந்தாள். கை காட்டவில்லை. நவம்பர் பதினாலாம் தேதி மலைப்பாதையை மூடினார்கள். வீட்டிலேயே படுத்துவிடுவேன் என்றெல்லாம் அவள் செய்யவில்லை. பையை எடுத்துக்கொண்டு அந்தச் சுவருக்கு எதிரே போய்ச் சேர்ந்தாள்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், பனிக்காலத்தில் கம்பெனியிலேயே தங்கிவிடும் இசொகாயோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியில் ஆற்றங்கரை. இரண்டு உத்திரமும் பனிக்குள் கிடந்தன. ஒன்றின் வாலில் சிவப்புத் துணி மட்டும் வெளியே தெரிந்தது. அளவு கெடாமல் அப்படியே இருந்தது.

நாங்கள் போனபோது சச்சியேவுக்குச் சுத்திகரிப்பு முடிந்திருந்தது. எடைமேடையில் நின்றிருந்தாள். நான் ஆரஞ்சுப் பழப் பை ஒன்றைக் காட்டி, "என்னங்க, அந்தச் சுவரு என்ன சொல்லுது?" என்று வம்பிழுத்துப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

நர்ஸ் எண்ணைப் படித்துச் சீட்டில் எழுதினாள். தினம் நாற்பது பேருக்குச் சொல்வதை அதே சிரிப்போடு அவளுக்கும் சொன்னாள்: "நாப்பத்தேழு. மிகச் சரியா இருக்கும்மா. வீட்டுக்குப் போலாம்."

"அப்படிங்களா" என்றாள் சச்சியே.